வழியோரத் திண்ணை

விருத்தாசலத்தை இரயிலில் கடந்து செல்வோர் அதனை ஒரு சந்திப்பு நிலையமாகவே அறிவர். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குச் செல்லும் பாதையும், கடலூரையும் சேலத்தையும் இணைக்கும் பாதையும் இங்கே கூடுகின்றன. இங்கு வாழ்வோருக்கோ இது பீங்கான் ஊர். களிமண்ணைக் கரைத்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, சூளையில் சுட்டு, பொம்மையாகவும் அகல்விளக்காகவும் வெளியூர்களுக்கு அனுப்பும் கைகள் இவ்வூரில் ஏராளம். அக்கைகளுள் ஒன்று, ஏறத்தாழ எட்டு மாதங்கள், ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் என்னை நோக்கி உயர்ந்தது. நானும் என் கையை உயர்த்தினேன். வண்டியை மட்டும் நிறுத்தவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளைக் கிராமத்தில் திருப்பலி, எட்டு மணிக்குப் பங்கு ஆலயத்தில் திருப்பலி, பின்னர் மறைக்கல்வி, அதன்பின் பங்குப் பேரவைக் கூட்டம். கிளைக் கிராமத்துக்குச் செல்லும் சாலையில் பீங்கான் தொழிற்பேட்டையைத் தாண்டியதும் ஓர் ஓட்டு வீடு. அதன் திண்ணையில் அமர்ந்திருப்பார் அந்தப் பெரியவர். பொம்மை அச்சு வார்ப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். கால்கள் வீங்கி ஆலயத்துக்கு வர இயலாமற் போனபின் அந்தத் திண்ணையே அவருக்கு ஆலயமாயிற்று. அடுத்த வாரம் கட்டாயம் நிறுத்த வேண்டும் என்று வாரந்தோறும் தீர்மானித்துக் கொள்வேன். ஒரு வியாழன் இரவு அவர் உறக்கத்திலேயே இறந்துபோனார். நோயில் பூசுதல் இல்லை. இறுதி நற்கருணை இல்லை. அடக்கத் திருப்பலியில் இறை இரக்கத்தைப் பற்றி நான் ஆற்றிய மறையுரை நன்றாக இருந்ததென்று பலர் கூறினர்.

முப்பதாம் நாள் செபத்துக்காக அவ்வீட்டுக்குச் சென்றேன். அன்றுதான் முதன்முறையாக அத்திண்ணையில் அமர்ந்தேன். மருமகள் உள்ளே தேநீர் தயாரித்துக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரன், நம் ஆலயத்துப் பீடச் சிறுவன், ஒரு மூலையில் கையடக்கக் கருவி ஒன்றில் விளையாடிக்கொண்டிருந்தான். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தந்தை, பழைய பொருள் கடையில் வாங்கி அனுப்பிய ‘கேம் பாய் அட்வான்ஸ்’ அது.

“என்ன தம்பி விளையாடுகிறாய்?”

“போக்கிமான், ஃபாதர்” என்றவன் கருவியை மறைக்க முயன்றான். காரணம் எனக்கு விளங்கியது. இத்தகைய விளையாட்டுகளைப் பிள்ளைகளின் நேரத்தைத் தின்னும் பூதங்கள் என்று சில மாதங்களுக்கு முன் மறையுரையில் சாடியவன் நான். அன்று ஏனோ அவனருகில் நகர்ந்து அமர்ந்து, “எனக்கும் காட்டு” என்றேன்.

அவன் அன்று காட்டியதோடு, பிறகு நானே தேடிப் படித்தவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். இவ்விளையாட்டை உருவாக்கியவர் ஜப்பானியரான சத்தோஷி தஜிரி. தோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்த அவருக்குச் சிறு வயதில் பூச்சிகளைத் தேடிப் பிடிப்பதில் பேரார்வம். ஊர் நகரமாக வளர வளர, அவர் பூச்சி தேடிய இடங்கள் மறைந்தன. அந்தத் தேடலின் மகிழ்ச்சியைப் பிள்ளைகளுக்குத் தர விரும்பி அவர் படைத்த விளையாட்டு 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளிவந்தது. சிறுவனிடம் இருந்தது, அதனைப் புதுப்பித்து 2004-இல் வெளியிட்ட பதிப்பு.

விந்தை உயிர்களைப் பிடிப்பதும் மோதவிடுவதுமே இவ்விளையாட்டு என்று எண்ணியிருந்தேன். சிறுவன் எனக்குக் காட்டியது வேறொன்று. கான்டோ என்னும் நிலப்பகுதியின் வரைபடம் அது. தோக்கியோ அமைந்துள்ள உண்மையான கான்டோ வட்டாரத்தை ஒட்டி வரையப்பட்டது. ஊர்களுக்குப் பெயர்கள் உண்டு. ஊர்களை இணைக்கும் வழிகளுக்கு ஒன்று முதல் இருபத்தைந்து வரை எண்கள் உண்டு. ஊர்களில் கடைகள் உள்ளன. காயமுற்ற உயிர்களைக் காசு வாங்காமல் குணப்படுத்தும் நிலையங்கள் உள்ளன. ஆனால் ஊர்த்தெருவில் நடக்கையில் காட்டுயிர்கள் எதிர்ப்படுவதில்லை. அவை வாழ்வது வழிகளிலும் காடுகளிலும் குகைகளிலுந்தான். வழியோரத்தில் உயர்ந்து வளர்ந்த புல்லுக்குள் இறங்கி நடந்தால்தான் அவற்றைச் சந்திக்கலாம். முதல் வழியில் ஒரு சிறு பறவையும் ஓர் எலியும் மட்டுமே கிடைக்கும். பிள்ளைகள் பெரிதும் விரும்பும் பிக்காச்சு அடுத்து வரும் காட்டில் இருக்கிறது. ஆனால் நூறு சந்திப்புகளில் ஐந்து முறை வந்தாலே அதிகம். அதற்காகப் பொறுமையுடன் அங்குமிங்கும் நடக்க வேண்டும்.

விளையாட்டின் தொடக்கத்தில் சிறுவன் தனியாகப் புல்வெளியில் இறங்க முற்பட்டால் ஒரு பேராசிரியர் ஓடிவந்து தடுத்துவிடுகிறார். துணைக்கு ஓர் உயிரேனும் இல்லாமல் போவது ஆபத்து என்கிறார். சீடர்களை இருவர் இருவராக அனுப்பிய ஆண்டவரை நினைத்துக்கொண்டேன்.

பயணம் வளர்ந்தபின், பறந்து செல்லும் ஆற்றலும் கிடைக்கிறது. பறவையின் முதுகில் ஏறி நொடியில் ஊருக்கு ஊர் சென்றுவிடலாம். அதிலும் ஒரு கட்டுப்பாடு: முன்பு தன் காலால் சென்றடைந்த ஊர்களுக்கு மட்டுமே பறக்க முடியும். இதைக் கேட்டுச் சிரித்தேன். அடுத்து அவன் சொன்னதைக் கேட்டபோது என்னால் சிரிக்க இயலவில்லை.

“அவசரமா போகணும்னா இது இருக்கு, ஃபாதர். ரிபெல். இந்த மருந்தை அடிச்சா நூறு அடி நடக்கிற வரைக்கும் புல்லிலிருந்து எதுவும் கிட்ட வராது.”

“ஒன்றுமே வராதா?”

“நம்மகிட்ட முதல்ல நிக்கிறதைவிட பலம் குறைஞ்சது வராது. பலம் கூடினது வரும்.”

தேநீர்க் குவளையைத் திண்ணையில் வைத்துவிட்டேன். அந்த எட்டு மாதங்களில் என்னைச் சந்தித்தவர்கள் யார் யார் என்று மனம் தானாகவே கணக்கெடுத்தது. ஆலயக் கூரை வேலைக்கு ஒப்பந்தக்காரர் வந்தார். பள்ளிச் சேர்க்கைக்குப் பரிந்துரை கேட்டு ஊரில் செல்வாக்குள்ளோர் வந்தனர். பேரவை உறுப்பினர்கள் வந்தனர். பலம் கூடியவர்களை என் அவசரம் தடுக்கவில்லை. அவர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள், கதவைத் தட்டுவார்கள், காத்திருக்கவும் வைப்பார்கள். வீங்கிய கால்களோடு திண்ணையில் அமர்ந்து கையை மட்டும் உயர்த்தக்கூடியவரே என்னிடம் வர இயலாமற் போனார். அவசரம் எல்லாரையும் ஒன்றுபோல் விலக்கும் என்று எண்ணியிருந்தேன். நம்மைவிட வலிமை குறைந்தவரையே அது தேர்ந்து விலக்குகிறது.

அப்போது சிறுவன், யாரையும் குறை கூறும் எண்ணமின்றி, “ஞாயித்துக்கிழமை ஆனா தாத்தா அஞ்சரைக்கே சட்டை போட்டுக்கிட்டு உக்காந்துடுவாங்க, ஃபாதர். உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் கையெடுப்பாங்க” என்றான்.

அவர் கையசைக்கிறார் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். கிளைக் கிராமத்துக்காக நான் நற்கருணைப் பேழையைச் சுமந்து செல்வது அவருக்குத் தெரியும். அவர் ஆசீர் கேட்டிருக்கிறார்.

குருமடத்தில் நான்கு ஆண்டுகள் இறையியல் கற்றவன் நான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பயணம் செய்யும் சபையாகக் காட்டியதை மாணவர்களுக்கும் பொதுநிலையினருக்கும் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். தொடக்கக் கிறித்தவர்கள் தம் வாழ்வையே ‘நெறி’ என்று அழைத்ததையும் சொல்லியிருக்கிறேன். ஆயினும் என் பங்கின் வரைபடத்தில் ஆலயங்களே இருந்தன, வழிகள் இல்லை. பங்கு ஆலயம் ஓர் ஊர். கிளை ஆலயம் மற்றோர் ஊர். இடையில் இருந்தது கடக்க வேண்டிய தொலைவு மட்டுமே.

அன்றிரவு யாயீரின் மகளைப் பற்றிய நற்செய்திப் பகுதியைத் திறந்தேன். யாயீர் தொழுகைக்கூடத் தலைவர், செல்வாக்கு உடையவர். அவருடைய பன்னிரண்டு வயது மகள் சாகும் நிலையில் இருக்கிறாள். அவசரப்படுவதற்கு அன்று இயேசுவுக்கு இருந்ததைவிட நியாயமான காரணம் எந்தக் குருவுக்கும் இருந்திருக்க முடியாது. அந்த வழியில்தான், பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் துன்புற்ற பெண் கூட்டத்தில் ஒளிந்து அவருடைய ஆடையைத் தொடுகிறாள். அவர் நிற்கிறார். தொட்டவர் யார் என்று கேட்கிறார். அவள் தன் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை நிற்கிறார். பார்வையற்ற பர்த்திமேயு அமர்ந்திருந்ததும் வழியோரந்தான். சக்கேயு மரத்திலேறிக் காத்திருந்ததும் இயேசு எரிகோ வழியே சென்றபோதுதான். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டும் விலகிச் சென்றவன் ஒரு குரு என்பது, குருவாகிய என்னை எப்போதும் சற்று உறுத்தும் செய்தி. அன்றிரவு அது உறுத்தலோடு நிற்கவில்லை.

அவ்விளையாட்டின் வழிகளில் ஆங்காங்கே சிறு மேடுகள் உண்டு. மேலிருந்து கீழே குதிக்கலாம். கீழிருந்து மேலே ஏற முடியாது. திரும்ப வேண்டுமானால் புல்வெளிகளைச் சுற்றித்தான் வர வேண்டும். விளையாட்டில் அப்படியாவது சுற்றுவழி இருக்கிறது. அந்தப் பெரியவர் உயிரோடு அமர்ந்திருந்த திண்ணைக்குத் திரும்ப எனக்கு எந்தச் சுற்றுவழியும் இல்லை. ஒப்புரவு அருளடையாளத்தில் இதை அறிக்கையிட்டேன், மன்னிப்பும் பெற்றேன். மன்னிப்பு நடந்ததை நடவாததாக ஆக்குவதில்லை. இனி நடப்பதற்குக் காலைத் தருகிறது.

இப்போது சனிக்கிழமை மாலைகளில் அந்தச் சாலையில் நடந்தே செல்கிறேன். நற்கருணையைச் சுமந்து செல்லும்போது அச்சிறுவன் துணைக்கு வருகிறான். ஒரு குறிப்பேட்டில் வழியை வரைந்து, நோயாளிகளும் முதியோரும் உள்ள வீடுகளைக் குறித்து வைத்திருக்கிறான். வண்டியில் பத்து நிமிடங்களில் கடந்த தொலைவுக்கு இப்போது இரண்டு மணி நேரம் ஆகிறது. முதல் வாரத்தில் மட்டும், நான் பெயரறியாத மூன்று குடும்பங்களைச் சந்தித்தேன். அவர்களுள் ஒருவர், பார்வை மங்கிய ஒரு தாய், என் குரலைக் கேட்டு ஐந்து ஆண்டுகள் ஆயின என்றார். பேரவைக் கூட்டம் சில வேளைகளில் நானின்றியே தொடங்குகிறது. அதனால் எந்தத் தீங்கும் நேரவில்லை.

பெற்றோர் சிலர், “சாமியே விளையாட்டைப் புகழ்கிறாரே” என்று வருந்தக்கூடும். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட இளைஞர் கார்லோ அகுதிஸ் கணினி விளையாட்டுகளை விரும்பியவர். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தமக்குத் தாமே வரம்பு வகுத்துக்கொண்டவர். அந்த வரம்பை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அதோடு, அவர்கள் விளையாடும்போது ஒரு முறையாவது அருகில் அமர்ந்து, “எனக்கும் காட்டு” என்று கேளுங்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவ்விளையாட்டில் ‘செலடான்’ என்றோர் ஊர் உண்டு. பேரன் அப்பெயரைச் சொன்னதுமே பெரியவர், “அது ஊரு இல்லடா, பீங்கானுக்குப் பூசுற பச்சை மெருகு” என்றாராம். உண்மைதான், சீனத்திலும் கொரியாவிலும் பல நூற்றாண்டுகளாகப் போற்றப்பட்ட இளம்பச்சைப் பீங்கானுக்கு அப்பெயர் உண்டு. அன்று முதல், “செலடானுக்குப் போயிட்டியா?” என்று நாள்தோறும் கேட்பாராம். அவர் இறந்தபோது பேரன் இன்னும் அவ்வூரை எட்டியிருக்கவில்லை.

சென்ற மாதம் அவன் எட்டிவிட்டான். அங்கே ஒரு மூதாட்டி அவனுக்குத் தேநீர் தருகிறார். அண்டை நகரின் நான்கு வாயில்களிலும் காவலர்கள் வழியை மறித்து நிற்கிறார்கள். தாகத்தால் வாடும் அவர்களுக்கு அத்தேநீரைக் கொடுத்ததும் வாயில்கள் திறந்துவிடுகின்றன. அதை எனக்குக் காட்டுவதற்காகவே கருவியை ஆலயத்துக்கு எடுத்து வந்திருந்தான். திருப்பலிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நின்று பார்த்தேன்.

அன்பு வாசகரே, நீங்கள் நாள்தோறும் கடந்து செல்லும் வழியிலும் ஒரு திண்ணை இருக்கும். அதில் ஒரு கை உயரும்போது, பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். வண்டியை நிறுத்துங்கள்.