கழுத்தைத் திருகும் குருவி

போன மாதம் கிரிக்கெட் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோது காபி டம்ளரோடு கூடத்துக்குள் நுழைந்தேன். அந்த நேரம் பார்த்து விக்கெட் விழுந்தது. "தாத்தா, உள்ள போங்க. நீங்க வந்தாலே ஜின்க்ஸ்!" என்றான் பேரன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

மறுநாள் அவனைத் திண்ணையில் உட்கார வைத்து, அது ஒரு பறவையின் பெயர் என்றேன். 'ஜின்க்ஸ் டார்குவில்லா'. மரங்கொத்திக் குடும்பம், ஆனால் மரத்தில் பொந்து குடையும் வலு அதன் அலகுக்கு இல்லை. கிடைத்த பொந்தில் முட்டையிடும். பதினாறு, பதினேழு சென்டிமீட்டர் நீளம், காய்ந்த மரப்பட்டையின் நிறம். பிசுபிசுத்த நீள நாக்கால் எறும்பு பிடித்துத் தின்னும். குளிர்காலத்தில் நம் நாட்டுக்கும் வந்து போகிறது.

பொந்துக்குள் யாராவது கை விட்டால் கழுத்தை நீட்டி, இப்படியும் அப்படியும் முறுக்கி, பாம்பு மாதிரி 'உஸ்ஸ்' என்று சீறும். கொத்திக் காயப்படுத்த முடியாத பறவை அது. குஞ்சைக் காப்பாற்ற அதற்குத் தெரிந்த வழி பாம்புபோல நடிப்பதுதான்.

பார்த்த மனிதர்களோ அதை மாயம் என்றார்கள். கிரேக்கர்கள் அதற்கு 'இயுங்க்ஸ்' என்று பெயர் வைத்து, நாலு ஆரக்கால் சக்கரத்தில் கட்டிச் சுழற்றினால் விரும்பியவர் வசப்படுவார் என்று நம்பினார்கள். கிட்டத்தட்ட 2,500 ஆண்டுகளுக்கு முன்பே கவிஞர் பிண்டார் இதைப் பாடியிருக்கிறார். பிறகு ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கே வசியம் என்ற பொருள் வந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்கள் வாயில் 'ஜின்க்ஸ்' என்றால் பீடை. இந்தச் சொல் அந்தப் பறவையிடமிருந்தே வந்திருக்க வேண்டும் என்றுதான் பெரிய அகராதிகள் சொல்கின்றன. 1912-ல் கிறிஸ்டி மேத்யூசன் என்ற பந்துவீச்சாளர் தம் புத்தகத்தில் இந்த 'ஜின்க்ஸ்' நம்பிக்கைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்.

'டார்குவில்லா' என்பதும் சாதாரணப் பெயரல்ல. லத்தீனில் முறுக்குவதைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. முப்பது வருஷம் பட்டறையில் நான் போல்ட் முடுக்கிய டார்க் ரெஞ்சும் அதே வேர்தான். டார்ச்சர், டார்மென்ட் இரண்டும்கூட அங்கிருந்து வந்தவையே. முறுக்குவதும் வதைப்பதும் ஒரே வேரில் கிளைத்திருப்பதைப் படித்த அன்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

நாமும் குறைந்தவர்களில்லை. சகுனம் என்ற வடசொல்லுக்குப் பறவை என்றே பொருள். தமிழில் 'புள்' என்றால் பறவை, நிமித்தமும் அதுவே. ரோமர்கள் பறவையைப் பார்த்துக் குறி சொன்னதில் பிறந்ததுதான் ஆங்கிலத்தின் 'ஆஸ்பிஷியஸ்'. தன் பாட்டுக்குப் பறந்து போனதன் தலையில் நம் நல்லது கெட்டதையெல்லாம் ஏற்றிவைத்திருக்கிறோம்.

எங்கள் அத்தை தலையிலும் அப்படித்தான் ஏற்றினோம். பத்தொன்பது வயதில் புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். ராசியில்லாதவள் என்று பேர். யாராவது வெளியே கிளம்பும் செருப்புச் சத்தம் கேட்டாலே, தானாக எழுந்து அடுக்களைக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். முதல் இரண்டு மூன்று தடவை யாரோ சொல்லியிருப்பார்கள். அப்புறம் சொல்லத் தேவைப்படவில்லை.

1971-ல் நான் வேலைக்குச் சேரப் புறப்பட்ட காலை, நாலு மணிக்கே எழுந்து புளிசாதம் கிளறி, வாழையிலையில் பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். அம்மா நிறைகுடத்தோடு எதிரே வந்தாள். வாசல்படி இறங்கித் திரும்பிப் பார்த்தேன். கதவிடுக்கில் வெள்ளைப் புடவையின் ஓரம் தெரிந்தது. 'அத்தை, முன்னால வாங்க' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. பொட்டலம் கையில் இன்னும் சூடாக இருந்தது. நடந்துவிட்டேன்.

"ஏன் தாத்தா கூப்பிடல?" என்றான் பேரன்.

"வேலை கிடைக்காமப் போயிடுமோன்னு பயந்தேன்டா" என்றேன்.