கூட்டக்குறிப்பில் இடம்பெறாத கேள்வி



பல்லாண்டுகளாகத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றி வருகிறேன். அவற்றுள் சில ஆண்டுகள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் செயலாளராகவும் இருந்திருக்கிறேன். அக்காலத்தில் நான் எழுதிய ஒரு கூட்டக்குறிப்பைப் பற்றி இன்று எழுத விரும்புகிறேன். அதில் ஒரு பொய் இருக்கிறது. அதை எழுதியவன் நானே.

2022-ஆம் ஆண்டின் நடுப்பகுதி. பெருந்தொற்றுக் காலத்திற்குப் பிறகு பெற்றோரை நேரில் சந்தித்த முதல் ஆண்டுப் பொதுக்கூட்டம் அது. ஜோகூரில் அப்போது வெள்ளியும் சனியுமே வார விடுமுறை. எனவே வெள்ளிக்கிழமை காலை 9 மணிக்குக் கூட்டம் வைத்தோம். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, கணக்கறிக்கை என நண்பகலை நெருங்கிவிட்டது. முடியும் தறுவாயில், பின்வரிசையிலிருந்து ஒரு தாயார் எழுந்தார்.

"சார், என் மகனுடைய அறிக்கையில 3ன்னு போட்டிருக்கு. 1 நல்லதா, 6 நல்லதா?"

முன்வரிசையில் சிலர் சிரித்தனர். நேரமாகிவிட்டது, பிறகு வகுப்பாசிரியரைப் பாருங்கள் என்று மேடையிலிருந்து பதில் வந்தது. அவர் அமர்ந்துவிட்டார். அன்றிரவு நான் கூட்டக்குறிப்பில், "வேறு கேள்விகள் எழவில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

எண்ணிப் பார்த்தால், அன்று கேட்கப்பட்ட ஒரே கல்விக் கேள்வி அதுதான். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் கைவிடப்பட்டது. அதுவரை எத்தனை 'ஏ' என்ற ஒரே கணக்கைப் பெற்றோர் அறிந்திருந்தனர். அதன் பிறகு வகுப்புசார் மதிப்பீட்டின் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலைகளே அவர்கள் கைக்கு வந்தன. 6 உயர்ந்தது, 3 என்பது குறைந்த அளவில் தேர்ச்சி பெற்றதைக் காட்டுவது. இவ்வளவையும் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நாங்கள் தரவில்லை. அடுத்த கல்வியாண்டில் அச்சிறுவன் அருகிலிருந்த தேசியப் பள்ளிக்கு மாறிச் சென்றுவிட்டான்.

தமிழ்ப்பள்ளியின் வரலாற்றை நாம் மேடைதோறும் பெருமையோடு பேசுகிறோம். 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ் வகுப்பையும், பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்ற 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தையும் நினைவுகூர்கிறோம். விடுதலை பெற்ற 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஐந்நூற்றுச் சொச்சமே உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்ததும் இதற்குக் காரணங்கள் என்பது உண்மை. ஆயினும் இருக்கும் பள்ளியிலிருந்து பிள்ளை வெளியேறும்போது, தோட்டத்தைக் காரணம் காட்ட முடியுமா?

நாம் பெற்றோரை எப்போது அழைக்கிறோம்? நன்கொடைக்கு, துப்புரவுப் பணிக்கு, பரிசளிப்பு விழாவில் கைதட்டுவதற்கு, பிள்ளை தவறு செய்தால் கண்டிப்பதற்கு. 'உங்கள் பிள்ளையின் கல்வி எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?' என்று கேட்பதற்கு அழைத்திருக்கிறோமா? 2012-இல் கல்வி அமைச்சு நாடு முழுவதும் தேசியக் கலந்துரையாடலை நடத்தி மக்கள் கருத்தைக் கேட்டது. 2013 முதல் 2025 வரையிலான கல்வி மேம்பாட்டுத் திட்டம் அதன் பிறகே வகுக்கப்பட்டது. ஒரு நாடே கேட்க முடியுமென்றால், சில நூறு பெற்றோரைக் கொண்ட ஒரு பள்ளி கேட்கக் கூடாதா?

என் குற்றவுணர்வைத் தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "அப்படியானால் நாமே போய்க் கேட்போம்" என்றார்.

எங்கள் மாணவர்களில் பலர் அருகிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்பவர்கள். அவர்களின் தந்தையர் விடியற்காலை 4 மணிக்கே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர்கள். அங்கு வெள்ளிக்கிழமை வேலை நாள். எங்கள் கூட்டத்திற்கு அவர்கள் வராததை அக்கறையின்மை என்றே அதுவரை பேசி வந்தோம்! எனவே ஒரு சனிக்கிழமை மாலை, அக்குடியிருப்பின் பொது மண்டபத்திலேயே கூடினோம். மேடை இல்லை, மாலை மரியாதை இல்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். முதல் ஒரு மணி நேரம் ஆசிரியர்கள் பேசக் கூடாது, எழுதிக்கொள்ள மட்டுமே வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம்.

அந்த ஒரு மணி நேரம் எளிதாகக் கழியவில்லை. "பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தாலே வயிறு கலங்குது, நல்ல செய்தி சொல்ல ஒருநாளும் கூப்பிட்டதில்லையே" என்றார் ஒரு தந்தை. இரவுப் பணி முடிந்து வரும் ஒரு தாயார், மலாய்மொழி வீட்டுப்பாடத்தில் உதவ வீட்டில் ஆளில்லை என்றார். புலனக் குழுவில் ஆசிரியர்கள் அனுப்பும் செய்திகள் கட்டளைகள் போல் இருப்பதாக மற்றொருவர் சொன்னார். என் சக ஆசிரியை ஒருவர் கண்கலங்கினார். சொந்தப் பணத்தில் பயிற்சித்தாள் அச்சிட்டுத் தருபவர் அவர். அவர் உழைப்பை யாரும் குறிப்பிடவில்லை. ஒரு மணி நேரம் முடிந்ததும் அவர் அதை வெளிப்படையாகவே சொன்னார். மண்டபம் அமைதியாயிற்று. பிறகு, முதலில் குறை சொன்ன தந்தையே, "தெரியாமப் போச்சு, டீச்சர்" என்றார். கலந்துரையாடல் உண்மையில் தொடங்கியது அப்போதுதான்.

பெரிய புரட்சி எதுவும் நடந்துவிடவில்லை. பணம் தேவைப்பட்ட சில கோரிக்கைகள் இன்றும் நிலுவையில் உள்ளன. ஆனால் அடைவுநிலைகளை எளிய தமிழில் விளக்கும் ஒரு பக்கத் தாளை மதிப்பீட்டு அறிக்கையோடு இணைத்தோம். ஒவ்வொரு வகுப்பாசிரியரும் மாதம் இரண்டு வீட்டிற்காவது நல்ல செய்தி சொல்லத் தொலைபேசியில் அழைப்பதென ஒப்புக்கொண்டனர். மலாய்மொழி வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடித்துச் செல்ல வாரத்தில் இரண்டு நாள் அரைமணி நேரம் ஒதுக்கினோம். கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியும், அதற்கான பதிலும், 'முடியாது' என்றால் அதன் காரணமும் அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்பட்டன. மக்கள் மீண்டும் வந்ததற்கு அந்தக் கடைசிப் பழக்கமே காரணம் என்பது என் கணிப்பு.

அந்தத் தாயாரைச் சில மாதங்களுக்குப் பிறகு இரவுச் சந்தையில் கண்டேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் புன்னகைத்தார். "பரவாயில்ல சார். அன்னிக்கு எல்லாரும் சிரிச்சது மகனுக்குத் தெரிஞ்சு போச்சு. அதான் மாத்திட்டேன்" என்றார். இளைய மகள் அடுத்து முதலாம் ஆண்டுக்குச் செல்ல வேண்டியவள். எந்தப் பள்ளி என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் சொன்னார். எங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அடுத்த கூட்டத்திற்கு வாருங்கள், முதல் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும் என்று மட்டும் சொல்லி விடைபெற்றேன்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் பள்ளியின் சென்ற ஆண்டுக் கூட்டக்குறிப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதில் பெற்றோர் கேட்ட கேள்விகள் எத்தனை என்று எண்ணுங்கள். பெற்றோர்களே, உங்கள் கேள்வி சிறியது என்று எண்ணி அமர்ந்துவிடாதீர்கள். பதில் வரும்வரை நின்று கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியன்