விழ வேண்டியது கம்புதான்

கந்தப்பளையில் நான் வேலைக்குப் போகும் தோட்டத்தில் ஒரு சிறுவர் கழகம் இருக்கிறது. சென்ற சித்திரை விடுமுறையில் பிள்ளைகள் ஒரு புதிய விளையாட்டைக் கேட்டார்கள். நாய்களைத் தடை தாண்டச் செய்யும் போட்டி. தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். லயத்துக்கு லயம் நாய் உண்டு, செலவும் இல்லை. "செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு பக்கமும் கல்லடுக்கி, மேலே ஒரு பழைய இரும்புக் குழாயை வைத்தார்கள். நாயின் கால் பட்ட போதெல்லாம் குழாய் உருண்டு விழுந்தது. "கம்பி போட்டு இறுக்கிக் கட்டுங்கள்" என்று சொன்னதும் நான்தான்.

போட்டியன்று காலையில் பனிமூட்டம். 6000 அடிக்கு மேலே இருக்கும் ஊர், புல்லெல்லாம் ஈரம். எட்டு மாதக் குட்டியான கறுப்பன் மூன்றாவது சுற்றில் வழுக்கி, நெஞ்சோடு குழாயில் மோதியது. குழாய் அசையவில்லை. கறுப்பன் முன்காலைத் தூக்கிக்கொண்டு அலறியது. அதை வளர்த்த பையன் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆட்டோ பிடித்து நுவரெலியாவுக்குக் கொண்டு போனோம். மிருக வைத்தியர் மூன்று கேள்விகள் கேட்டார். "குட்டிக்கு எத்தனை மாதம்? தடை எவ்வளவு உயரம்? மோதினால் அது விழுமா?" மூன்றாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. நல்லவேளை, எலும்பு முறியவில்லை. தோள்பட்டைத் தசையில் அடி. சில வாரங்கள் ஓடவிடக் கூடாது என்றார்.

அதன் பிறகுதான் இந்த விளையாட்டைப் பற்றித் தேடிப் படித்தேன். 1978இல் இங்கிலாந்தின் 'க்ரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் கூட்டத்தை மகிழ்விக்கத் தொடங்கியதாம். இன்று பல நாடுகளில் நடக்கிறது. பாய்ந்து இறங்கும்போது உடற்பாரம் முழுவதையும் முன்கால்களே தாங்குவதால் தோள்தான் அதிகம் அடிபடுகிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஒரு தடவையாவது காயப்பட்டிருந்தது. அனுபவம் கூடக் கூட அவர்கள் மாற்றியது தடைகளைத்தான். தாண்டும் கம்பு கால் பட்டவுடன் விழ வேண்டும். பாய்ந்து நுழையும் வளையம் மோதினால் பிரிந்து திறந்துகொள்ள வேண்டும். ஏறி இறங்கும் பலகைகளில் வழுக்காத றப்பர் ஒட்டுகிறார்கள். நாய் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருந்ததால், துணியால் மூடிய சுரங்கத்தை அமெரிக்க நாய்ச் சங்கம் 2016இல் எடுத்தே விட்டது. எலும்பு முற்றாத குட்டிகளைப் பாய விடுவதில்லை.

அன்று மாலை பையனின் தாயிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். 1977 கலவரத்துக்குப் பின் வன்னிக்குப் போன தோட்டக் குடும்பம் அவர்களுடையது. அக்கா அங்கேதான் பிறந்தார். 2009இல் ஷெல் விழுந்து முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர். யுத்தம் முடிந்து உறவினரைத் தேடித் திரும்பி வந்து, செயற்கைக் காலோடு இந்த மேட்டுப் படிகளில் ஏறி இறங்குகிறார்.

அவர் என்னைத் திட்டவில்லை. தேநீர் தந்தார்.

"எனக்குக் கால் போட்டப்ப, ரெண்டு பக்கமும் புடிச்சிக்கக் கம்பி வச்ச எடத்துலதான் மொதல்ல நடக்க விட்டாங்க மிஸ். அப்புறம் ஒரு சின்னப் பலகை. விழுந்தா அடிபடாம இருக்கக் கீழ மெத்தை. படி ஏறுனது எத்தனையோ நாளுக்குப் பொறகுதான்" என்றார். பிறகு மெதுவாக, "நாய்க்கு வாய் இல்ல. வலிச்சாலும் நீங்க கூப்பிட்டா பாயும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் நாங்கள் நடத்திய தையல் பயிற்சியில் அக்காவும் சேர்ந்திருந்தார். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவோம் என்பது விதி. மழை நாட்களில் அவர் நான்கு நாள் வரவில்லை. பெயரை வெட்டியது நான்தான்.

"அன்றைக்கு ஏன் அக்கா வரவில்லை?" என்று கேட்டேன்.

"கால் சேர்ற எடத்துல புண்ணு. நனைஞ்சா கட்டை போட முடியாது மிஸ்."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலியே."

சமூகவியல் படித்தவள் நான். பெண்களின் தடைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். இறுக்கிக் கட்டிய ஒரு தடையை என் கைப்பட எழுதி வைத்திருந்தது மட்டும் கண்ணில் படவில்லை.

அடுத்த கூட்டத்தில் அந்த விதியை மாற்றக் கேட்டேன். வராதவரின் வீட்டுக்குப் போய்க் காரணம் கேட்காமல் எந்தப் பெயரையும் வெட்டுவதில்லை என்று முடிவாயிற்று. அக்கா இப்போது பயிற்சிக்கு வருகிறார். காலால் மிதிக்கும் மெஷின் சரிப்படாததால், கையால் சுற்றும் மெஷின் ஒன்றை அவருக்கென ஒதுக்கியிருக்கிறோம்.

பிள்ளைகளும் விளையாட்டை விடவில்லை. குழாய் போய் மூங்கில் குச்சி வந்திருக்கிறது. செங்கல் மேல் சும்மா வைப்பதுதான், கட்டுவதில்லை. ஈரமான நாளில் ஓட்டமில்லை. ஓடுமுன் நாயைக் கொஞ்ச நேரம் நடத்திக் கூட்டிப் போக வேண்டும். ஒன்றரை வயதாகாத நாய்க்குத் தரையில் கிடத்திய குச்சி மட்டுமே. கறுப்பன் இப்போது நொண்டாமல் அந்தக் குச்சிகளைத் தாண்டி நடக்கிறது.

சகோதரிகளே, உங்களுக்கும் யாராவது ஒரு தடையை வைத்து, தாண்ட முடியவில்லை என்று உங்களையே குறை சொல்லியிருக்கலாம். வலித்தால் வாய் திறந்து சொல்லுங்கள். எங்களைப் போன்றவர்கள் கேட்க மறந்திருந்தாலும் சொல்லுங்கள்.