மூன்றாவது கூடாரம்

முகாம் என்னும் சொல்லுக்கு எங்கள் வீட்டில் இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. பிள்ளைகளுக்கு அது விடுமுறை. நெருப்பு மூட்டிக் குளிர்காயும் இரவு. அவர்களுடைய அம்மம்மாவுக்கோ அது 1990ஆம் ஆண்டு. புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் ஒரே சொல் இவ்வாறு இருபுறமும் இழுபடுவதுண்டு. ஆதலால், கடந்த ஒக்ரோபர் மாதம் டலஸ் நகரிலிருந்து சாந்தா ஃபே வரை காரில் செல்வதென்றும், வழியில் ஓரிரவு பலோ டூரோ மாநிலப் பூங்காவில் கூடாரம் அடித்துத் தங்குவதென்றும் பிள்ளைகள் திட்டமிட்டபோது, நாங்கள் இருவரும் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தோம். (எங்களில் ஒருவருக்கு அவர் தாய், மற்றவருக்கு மாமி, அழைப்பதென்னவோ இருவரும் அம்மா என்றே.) "நீங்கள் கூடாரத்துக்கை படுங்கோ. நான் காருக்கை படுக்கிறன்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

டலஸிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 600 கிலோமீற்றர். முதற் பாதி மரங்களும் சிற்றூர்களுமாகக் கழிகின்றது. பின்னர் நிலம் தட்டையாகி, பருத்தி வயல்களும் காற்றாடிகளும் வானமுமே எஞ்சுகின்றன. மலை எதுவும் தென்படாத அந்தச் சமவெளியில் பூமி திடீரென்று பிளந்து கீழே இறங்குகின்றது. ஏறக்குறைய 190 கிலோமீற்றர் நீளமும் 800 அடிக்கு மேற்பட்ட ஆழமும் கொண்ட பள்ளத்தாக்கு அது. அமெரிக்காவின் பள்ளத்தாக்குகளுள் அளவில் கிராண்ட் கான்யனுக்கு அடுத்ததாக அதனைச் சொல்வர். அடித்தளத்திலுள்ள செங்களிமண் அடுக்குகள் ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகள் பழையவை. அவற்றினூடே வெண்ணிற ஜிப்சம் கோடுகள் ஓடுகின்றன. இவ்வளவையும் அரித்தெடுத்த ஆறு, நாங்கள் சென்ற நாளில் முழங்கால் நனையாத அளவுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பலோ டூரோ என்றால் ஸ்பானிய மொழியில் கடினமான மரம் என்று பொருள். அங்குள்ள ஜூனிப்பர் மரங்களால் வந்த பெயர்.

மாநிலப் பூங்கா என்பதைப் பற்றி எங்கள் ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டாட்சி அரசு பேணும் தேசியப் பூங்காக்கள் வேறு. ஒவ்வொரு மாநிலமும் தன் மக்களுக்கெனப் பேணும் பூங்காக்கள் வேறு. முன்பதிவு செய்து பணம் கட்டினால், இலக்கமிட்ட ஒரு துண்டு நிலம் ஓரிரவுக்கு நமதாகும். ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், அருகே தண்ணீர்க் குழாய், சற்றுத் தள்ளிக் குளியலறை. விழுந்து கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கக்கூடாது; விறகை விலைக்கு வாங்கவேண்டும். இரவு 10 மணிக்குமேல் சத்தம் ஆகாது. வீட்டில் மெத்தையிருக்கப் பணம் கொடுத்துத் தரையில் படுக்கும் வழக்கத்தை அம்மா கடைசிவரை வியந்துகொண்டேயிருந்தார்.

பள்ளத்தாக்கினுள் இறங்கும் பாதையை அமைத்தவர்களும் முகாம்வாசிகள்தாம். 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வேலையற்றுப்போன இளைஞரை அரசு திரட்டி, முகாம்களில் தங்கவைத்து, உணவும் ஊதியமும் கொடுத்துக் காடுகளிலும் பூங்காக்களிலும் வேலை செய்வித்தது. அவர்கள் வெட்டிய பாதையிலும் அடுக்கிய கல்வீடுகளிலும் 1934 யூலை 4ஆம் நாள் இப்பூங்கா திறக்கப்பட்டது. அந்தக் கற்சுவர்கள் இன்றும் அசையாமல் நிற்கின்றன.

அவர்களுக்கு முன்னரும் இந்நாட்டில் கூடாரங்கள் இருந்தன. 1541இல் தங்கம் தேடி வந்த கொரொனாடோவின் ஸ்பானியப் படை இச்சமவெளியின் ஒரு பள்ளத்தாக்கில் தங்கியிருந்தபோது பெரும் ஆலங்கட்டி மழை கொட்டி, கூடாரங்களைக் கிழித்து, தலைக்கவசங்களை நெளித்து, மட்பாண்டங்களை நொறுக்கியது என்று உடன்சென்ற ஒருவர் எழுதிவைத்திருக்கின்றார். அப்படையோடு வந்த பிரான்சிஸ்கன் துறவி யுவான் டி பதில்லா நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்த இடம் பலோ டூரோவே என்று நம்புவோர் உளர். படை தங்கிய அடையாளங்கள் கிடைத்திருப்பதோ தெற்கேயுள்ள பிளாங்கோ பள்ளத்தாக்கில். எங்கே நடந்திருப்பினும், ஆலங்கட்டியில் அடிபட்டவர்கள் நன்றி சொன்னார்கள் என்பது எங்களுக்குப் பிடித்திருந்தது.

பூங்காவிலுள்ள மற்றொரு நினைவுப் பலகையை எங்கள் மூத்தவள் (அவளுக்குப் பதினொரு வயது) உரக்க வாசித்து, அம்மம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். 1874 செப்ரெம்பர் 28ஆம் நாள். மாரிகாலத்தைக் கழிக்கவென்று கொமான்சி, கியோவா, செயேன் குடிகள் இப்பள்ளத்தாக்கில் கூடாரமடித்திருந்தனர். கேணல் மக்கென்சியின் குதிரைப்படை விடியலில் செங்குத்துப் பாதைவழி இறங்கியது. மக்களிற் பெரும்பாலோர் தப்பியோடிவிட்டனர்; இறந்தோர் சிலரே. படையினர் கூடாரங்களையும் மாரிக்கெனச் சேர்த்த உணவையும் எரித்தனர். கைப்பற்றிய ஏறத்தாழ 1,400 குதிரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை மறுநாள் சுட்டுக் கொன்றனர்.

"குதிரையளை ஏன் சுட்டவங்கள்?" என்று சின்னவன் கேட்டான். குதிரையில்லாமல் அம்மக்களால் வேட்டையாட முடியாது, திரும்பி வரவும் முடியாது என்று நாங்கள் விளக்கினோம். அம்மா வேறொன்று கேட்டார்.

"அப்ப அந்த மாரிக்கு அதுகள் என்ன செய்ததுகள்?"

பலகையில் அதற்கு விடை இல்லை. வீடு திரும்பியபின் படித்து அறிந்துகொண்டோம். குளிரும் பசியும் துரத்த, கூட்டங்கூட்டமாக அவர்கள் சில் கோட்டைக்குச் சென்று சரணடைந்தனர். கடைசியாக 1875 யூனில் குவானா பார்க்கரின் கூட்டத்தார் வந்து சேர்ந்தனர். எத்தனையோ பேர் அப்பலகையை வாசித்துப் போயிருப்பர். அம்மாவின் கேள்வி அவர்களுள் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கின்றோம். எரிந்த வீட்டைவிட அடுத்த மழையை நினைப்பவர், அப்படியொரு மழையில் இருந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

மாலையில் கூடாரம் எழுந்தது. ரட்டில் பாம்புகள் உண்டு, கவனமாயிருங்கள் என்ற அறிவிப்பைப் பிள்ளைகள் ஆவலோடு காட்டினார்கள். அம்மா தன் கைப்பையைத் திறந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்தார். மடு மண். விஷம் தீண்டாது காக்கும் என்று நம் மக்கள் தலைமுறைகளாக எடுத்துச் செல்லும் மண். மன்னாரிலிருந்து டலஸ் வந்து சேர்ந்ததை டெக்சஸின் செம்மண்மீது கூடாரத்தைச் சுற்றி விரல் நுனியால் தூவினார். பிறகு, சொன்னபடியே காருக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

நள்ளிரவில் காற்று எழுந்தது. அச்சமவெளிக்கு அது புதிதன்று. வறண்ட பொடிமண்ணில் முளைகள் பிடிக்காமல் கூடாரத்தின் மேற்துணி படபடவென்று அடித்தது. நாங்கள் வெளியே வந்து தடுமாறிக்கொண்டிருக்கையில், கையில் ரோர்ச்சுடன் அம்மா நின்றிருந்தார். "முளையைச் சரிச்சு அடி, பிள்ளை. கயித்தைக் கல்லிலை சுத்து. காத்து வாற பக்கம் முதல்ல." எழுபத்து நான்கு வயதில் குனிந்து, இரண்டு கயிறுகளைத் தானே கட்டினார். அந்த முடிச்சை எங்களில் எவருக்கும் போடத் தெரியாது.

துணி அடங்கியது. அம்மா காருக்குத் திரும்பவில்லை. விழித்துக்கொண்ட பிள்ளைகளுக்கு நடுவே போய் இருந்தார். முடிச்சை எங்கே பழகினீர்கள் என்று மூத்தவள் கேட்டாள்.

மடுத் திருவிழாக் கொட்டிலைப் பற்றி அப்போதுதான் சொல்லத் தொடங்கினார். தாம் சிறுமியாயிருந்தபோது ஆவணித் திருவிழாவுக்கு அரிசியும் சட்டிபானையுமாக மாட்டுவண்டியில் காட்டுவழியே போனது. தகப்பனார் தடி வெட்டிக் கிடுகு கட்டிக் கொட்டில் போட்டது. பக்கத்துக் கொட்டிலில் சிங்களக் குடும்பமொன்று தங்கி, பலகாரம் மாற்றிக்கொண்டது. இரவில் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் மரங்களுக்கிடையே செபமாலை கேட்டது. இவற்றில் பலவற்றை நாங்களே அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம்.

"பிறகும் அங்கைதானே இருந்தனீங்கள்?" என்றாள் மூத்தவள். யார் அவளுக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

"ஓம், அதே காடுதான். முதல்ல போகேக்கை ஒன்பது நாளெண்டு போனது. பிறகு போகேக்கை எத்தினை நாளெண்டு ஒருதருக்கும் தெரியாது."

1990இல் போர் மீண்டும் மூண்டபோது மடுத் திருப்பதி பல்லாயிரவருக்குப் புகலிடமாயிற்று. ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையமும் அங்கே நிவாரண மையம் நடத்தியது. எங்களில் ஒருவருக்கு அப்போது ஆறு வயது. தறப்பாள்மீது மழை விழும் ஓசையன்றி வேறொன்றும் நினைவில் இல்லை. அம்மாவுக்கோ எல்லாம் நினைவிருந்தது: தண்ணீருக்கு நின்ற வரிசை, காய்ச்சல், இரவல் வாங்கிய பானை. அவற்றை அதிகம் நீட்டாமல் நாலைந்து வசனங்களில் முடித்து, "படுங்கோ, விடியப்போகுது" என்றார். பிள்ளைகள் உறங்கினார்கள். அவரும் அங்கேயே உறங்கினார்.

காலையில் கலங்கரை விளக்கம் என்று பெயர்பெற்ற பாறைத்தூணுக்கு நடந்தோம். போகவர 9 கிலோமீற்றருக்குச் சற்று மேல். நிழல் மிகக் குறைவு. வெயிற்காலத்தில் மனிதர் மயங்கி விழும் பாதையாதலால், ஒக்ரோபரிலும் ஆளுக்கு மூன்று போத்தல் தண்ணீர் சுமந்தோம். அம்மா எங்களுக்கு முன்னே, செபமாலையும் கையுமாக, அவசரமின்றி நடந்தார். இறுதியிலுள்ள செங்குத்து ஏற்றத்தின் அடியில் ஜூனிப்பர் நிழலொன்றைத் தேடி அமர்ந்து, எங்களைப் போகச் சொன்னார். மேலே, ஏறக்குறைய 300 அடி உயரத்துக்குச் செந்தூண் நிமிர்ந்து நின்றது. சின்னவன் கீழே பார்த்து, அம்மம்மா எறும்புபோல் தெரிகிறா என்று கூவினான். அவர் கையசைத்தார்.

நண்பகலுக்குள் இடத்தை ஒப்படைக்கவேண்டும். கூடாரத்தை எவ்வளவு மடித்தும் அது வந்த பைக்குள் போக மறுத்தது. அம்மா அதை மீண்டும் விரித்து, வாசற்பக்கத்தைத் திறந்துவைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து முழங்காலால் அழுத்திக் காற்றை வெளியேற்றியபடி சுருட்டினார். மூத்தவள் அருகிலிருந்து முளைகளை எண்ணினாள். பதினான்கும் இருந்தன.