கீழே இறங்கி மீன் வாங்க

காசிமேட்டில் அந்த வாரியக் குடியிருப்பின் மாடிப்படியில் ஏறும்போதே பிசியோதெரபிஸ்ட் பெண் சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். பிடிமானம் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தப் படியின் விளிம்பு உடைந்திருக்கிறது, திருப்பத்தில் ஒரு ஸ்டூல் போட இடம் உண்டா என்று பார்த்துக்கொண்டே ஏறினார். போக வேண்டிய வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது.

முன்னால் போன பெண், மாத்திரை கொடுக்க வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தன்னார்வலர், இதே குடியிருப்புக்காரர். கதவு திறந்தே இருந்தது. உள்ளே, முப்பது வருசம் தலையில் மீன் கூடை சுமந்து விற்ற ஆயா ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபின் மருமகள் ஊட்டிவிட, மகன் தூக்கி உட்கார வைக்க, நாற்காலியே ஊராகிவிட்டது.

“ஆயா, உங்களுக்கு இன்னா செய்யணும்னு ஆசை?” என்று பிசியோ கேட்டார். கை தூக்க வேண்டும், கால் மடக்க வேண்டும் என்று பதில் வரும் என நினைத்தேன்.

“எறங்கிப் போய் மீன் வாங்கணும். இவ ஐஸ்ல வச்சத வாங்கினு வந்து கொட்றா. செவுளத் தூக்கிப் பாக்கத் தெரியல.”

மருமகள் சிரித்துவிட்டார். பிசியோ சிரிக்கவில்லை. நோட்டில் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அன்றைக்கு அங்கே நடந்த பயிற்சி அத்தனையும் அந்த ஒரு வரியிலிருந்து பிறந்தது.

முதல் வேலை, நாற்காலியிலிருந்து எழுவது. மருமகள் ஓடி வந்து ஆயாவின் இடது அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் போனார். பிசியோ தடுத்தார். தளர்ந்த தோளைப் பிடித்து இழுத்தால் மூட்டின் பந்து கிண்ணத்திலிருந்து நழுவக்கூடும். பக்கவாதம் வந்த வீடுகளில் தோள்வலிக்கு இந்த அன்பான தூக்கலும் ஒரு காரணம். “பாதம் ரெண்டையும் உள்ள இழுங்க ஆயா. குனிஞ்சு முன்னாடி வாங்க. மூக்கு கால்விரலுக்கு நேரா வரணும். இப்ப எழுந்திருங்க.” சொல்லிவிட்டு, அரையடி தள்ளி நின்று, கைகள் இரண்டையும் விழுந்தால் தாங்கும் உயரத்தில் விரித்து வைத்துக்கொண்டார். தொடவில்லை.

ஆயா எழவில்லை. மறுபடி முயன்றார். பாதி எழுந்து உட்கார்ந்தார். மருமகளின் கை தானாக நீண்டது. தன்னார்வலர் அதைப் பிடித்துக்கொண்டார். அந்த அறையில் அப்போது கடினமான வேலை செய்துகொண்டிருந்தவர்கள், சும்மா நின்றுகொண்டிருந்த அந்த மூன்று பெண்கள்தான் என்று எனக்குப் பட்டது. கடைசியில் ஆயா எழுந்தார். தொடை வெடவெடவென ஆடியது. “உடும்மா, நிக்கிறேன்” என்றார்.

இந்த நிற்றல், காத்திருத்தல், தொடாமல் தாங்குதல்தான் இந்தத் தொழிலின் நுட்பம். வெளிநாடுகளில் இதற்கு ரீஏபிள்மென்ட் என்று பெயர். டென்மார்க்கில் ஃப்ரெடரிசியா என்ற நகராட்சி 2008-இல் இதைப் பெரிய அளவில் தொடங்கியது. அதுவும் வடசென்னையைப் போலத் துறைமுகமும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உள்ள ஊர் என்பதால், மணலிப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். வீட்டு உதவி கேட்டு வரும் முதியவரிடம், எதைத் தானாகவே மறுபடி செய்ய ஆசை என்று முதலில் கேட்டார்கள். குளிப்பாட்டிவிட ஆள் அனுப்புமுன், தானே குளிக்கச் சில வாரம் பழக்கினார்கள். 2015 முதல் தேவைப்படுவோருக்கு இதை அளிப்பது அந்நாட்டு நகராட்சிகளின் சட்டக் கடமை. இங்கிலாந்தில் இது பெரும்பாலும் ஆறு வாரம் வரை இலவசம்.

நம்மிடம் இருப்பது ‘மக்களைத் தேடி மருத்துவம்’. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது, படுத்த படுக்கையானவர்களுக்கு நர்ஸ் வருகிறார், பிசியோதெரபியும் வருகிறது. 2024-இல் ஐ.நா. விருது பெற்றது. பெற வேண்டியதுதான். வேலைக்குப் போகிற பெண்கள் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட வேண்டியதில்லை என்றால், அது வடசென்னையில் சாதாரண விஷயமில்லை. ஆனால் மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஆயா எழும்வரை காத்திருப்பதை அப்படிக் கொடுத்துவிட்டுப் போக முடியாது. கிராமப்புறத்தில் ஒரு வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்ற கணக்கில், ஒரே வீட்டுக்கு அவர் எத்தனை தடவை வர முடியும்?

சென்னைக்கு முதியோர் மருத்துவத்தில் பழைய பெருமை உண்டு. டாக்டர் வி.எஸ். நடராசன் 1978-இல் அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனப் புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். 2024-இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையமும் திறந்தாயிற்று. காசிமேட்டு ஆயாவுக்குக் கிண்டி தூரம் பிரச்சினை இல்லை. மூன்று மாடிதான் பிரச்சினை.

அந்தப் படிக்கட்டில் கம்பி ஒரு பக்கம் மட்டும். இறங்கும்போது அது ஆயாவின் வலது கைக்கு வரும். ஏறும்போது இடது கைக்குப் போய்விடும். அந்தக் கை உடம்பைத் தாங்குமளவு இறுகப் பிடிக்காது. மகன் படகுக் கயிற்றை மறுசுவரில் கட்டிவிடலாம் என்றார். கயிறு ஆடும், ஆடினால் பயம் வரும், பயம் வந்தால் ஆயா திரும்பிப் படியில் கால் வைக்க மாட்டார் என்று பிசியோ மறுத்தார். விசைப்படகுக்கு வெல்டிங் செய்யும் நண்பரிடம் சொல்லி, ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பைச் சுவரில் அடிக்க ஏற்பாடானது. விரல்கள் முழுதாகச் சுற்றிப் பிடிக்க அந்தப் பருமன்தான் தோது. “ஏறும்போது நல்ல கால் முதல்ல, எறங்கும்போது தளந்த கால் முதல்ல” என்று ஆயா பேரனிடம் ஒப்பித்துக் காட்டினார். இதற்கிடையில் பூண்டு உரிக்கும் வேலையை மருமகள் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். தளர்ந்த கை பிடித்துக்கொள்ள, நல்ல கை உரிக்கும். ரவிக்கை போடும்போது தளர்ந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது கடைசியில்.

பிசியோவின் பையில் பார்தெல் அளவுகோல் படிவம் இருந்தது. 1965 முதல் உலகெங்கும் புழங்குவது. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது என்று பத்து வேலைகள், மொத்தம் 100 மதிப்பெண். உதவியின்றிப் படியேறி இறங்கினால் 10. மீன் வாங்குவதற்கு அதில் கட்டம் இல்லை. அவர் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்திருந்தார்.

அதே பிசியோவுடன் திருவொற்றியூரில் பார்த்த வீடு வேறு மாதிரி. ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர். எலும்பு கூடிவிட்டது. மனசு கூடவில்லை. “பாவம், அவரு எதுக்கு எழுந்திருக்கணும், நான் இருக்கேனே” என்று அவர் மனைவி தட்டைக் கட்டிலுக்கே கொண்டு வந்தார். நல்ல ஆரோக்கியத்தோடிருக்கும் முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்தது. அந்த அம்மாவின் பாசம் அவர் கணவரின் தொடையைத்தான் கரைத்துக்கொண்டிருந்தது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிசியோ எதுவும் சொல்லவில்லை. பெரியவர் கையில் டேப்பைக் கொடுத்து, “கட்டில் உயரம் அளந்து சொல்லுங்கப்பா” என்றார்.

ஃபிட்டர் கைக்கு டேப் வந்ததும் முகமே மாறியது. கட்டில் 14 அங்குலம்தான் இருந்தது. தாழ்ந்த இடத்திலிருந்து எழத் தொடைக்கு இரட்டை வேலை. 18 ஆக்க வேண்டும். கட்டில் காலுக்கு அடியில் வைக்கும் கட்டைக்கு என்ன மரம், கால் வழுக்காமலிருக்க அதில் குழி எவ்வளவு தோண்ட வேண்டும் என்று அவரே சொன்னார். கைத்தடி மணிக்கட்டு ரேகை உயரத்துக்கு இருக்க வேண்டும், முறிந்த பக்கத்துக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும் என்று பிசியோ சொன்னபோது, பாரம் எந்தப் பக்கம் விழும் என்று தரையில் விரலால் கோடு போட்டு மனைவிக்கு விளக்கினார். அளந்து பார்க்க எழுந்து நின்றிருக்கிறார் என்பதை அந்த அம்மாதான் முதலில் கவனித்தார்.

இந்த ஊர்க்காரர்களின் உடம்பு வேலையால் ஆனது. ஹார்பர், தீப்பெட்டி ஆலை, டயர், மோட்டார், அனல்மின் நிலையம், கடல். அவர்களிடம் “ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லி அனுப்புவது மருத்துவமாகாது. வேலை கொடுக்க வேண்டும்.

ஆனால் யாருடைய நேரத்தில்? ஆயா தானே ரவிக்கை போட இருபது நிமிடம் ஆகும். மருமகள் போட்டுவிட்டால் இரண்டு நிமிடம். அவர் எட்டு மணிக்குக் கம்பெனி வேனைப் பிடிக்க வேண்டும். டென்மார்க்கில் அந்தப் பதினெட்டு நிமிடத்துக்கு நகராட்சி சம்பளம் தருகிறது. இங்கே அது மருமகளின் தூக்கத்திலிருந்தோ கூலியிலிருந்தோ போகிறது. பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகள் என்று மேடையில் பேசுபவர்கள் இந்தப் பதினெட்டு நிமிடத்தைப் பற்றிப் பேச வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபின் முதல் ஆறு வாரம், பழக்கப்பட்ட ஒரு கை தினமும் காலையில் வந்து நின்றால் போதும். அந்தக் கை ஏற்கெனவே தெருவில் இருக்கிறது: மாத்திரையோடு வரும் அதே தன்னார்வலர். அவருக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்து, அதற்குத் தனி ஊதியமும் தர வேண்டும். இதை நான் ஆலோசனையாகச் சொல்லவில்லை, கோரிக்கையாக வைக்கிறேன்.

எல்லோரையும் எழுப்பிவிட முடியாது. எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பில் பார்த்த பாட்டிக்கு மறதி நோய் முற்றியிருந்தது. சொல்வது அடுத்த நிமிடம் நிற்கவில்லை. அங்கே பிசியோ எழுந்து நிற்கும் பயிற்சியைத் தொடவே இல்லை. மகளுக்கு, முதுகு பிடிக்காமல் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பதையும், குதிகாலில் புண் வராமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைப்பதையும் செய்து காட்டினார். பிறகு டம்ளரில் அரைவாசி தண்ணீர் ஊற்றிப் பாட்டியின் கையில் கொடுத்தார். பாட்டி அதை இரண்டு கையாலும் பிடித்துத் தானே குடித்தார். “இது இன்னும் இருக்குக்கா. இத மட்டும் நீங்க செஞ்சு குடுத்துடாதீங்க” என்று மகளிடம் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நேரமாகிறதென்று செருப்பை மாட்டினார்.