பசியில்லா உலகமும் பழைய தொழிலும்

கொழும்பு மாநகரைக் காலால் நடந்து காண்பது ஒரு வகை. கண்ணால் மட்டும் நடந்து காண்பது இன்னொரு வகை. இரண்டாம் வகைக்குப் பஸ் கட்டணமும் வேண்டியதில்லை, குடையும் வேண்டியதில்லை. கூகிள் நிறுவனத்தார் கூரையிலே கமெரா பூட்டிய மோட்டார் வண்டிகளை வீதிதோறும் ஓட்டி, எடுத்த படங்களை ஒன்றோடொன்று பொருத்தி, 2016ஆம் ஆண்டிலே இலங்கையின் வீதிகளையும் கணினித் திரையில் விரித்து வைத்தனர். 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின் பின் இலண்டனுக்கும் தொறன்ரோவுக்கும் சென்ற வெள்ளவத்தைவாசி ஒருவர், பனி கொட்டும் இரவிலும் தமது பழைய ஒழுங்கையில் உலவி வர இன்று இயலும்.

நாமும் அவ்வாறு உலவிப் பார்த்தோம். காலி வீதியின் சேலைக் கடைகளும், கடலோரத்து இருப்புப் பாதையும் கண்டோம்; உப்புக் காற்று மட்டும் வீசவில்லை. ஹவ்லொக் வீதிப் பக்கம் திரும்பினால் வானளாவிய மாடிமனைகள் நிற்கின்றன. அந்நிலத்திலேதான் முன்னொரு காலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவாலை இயங்கியது. 1933ஆம் ஆண்டில் அங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் இடம் பெற்ற ஒன்று. திரையிலே மாடிகள் தெரிகின்றன. அங்கே தறி நடத்திய கைகள் தெரியவில்லை.

அங்கிருந்து வடக்கே கொட்டாஞ்சேனைக்குத் திரையில் ஒரு நொடிப் பயணம். புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம், ஜம்பட்டா வீதி, அருகே கொச்சிக்கடையில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் கோயில் யாவும் இருந்தபடியே இருக்கின்றன. இப்பகுதியில் அச்சுக்கூடம் ஒன்றிலே நாம் பல்லாண்டு எழுத்துக் கோத்து வாழ்ந்தோம். ஈய எழுத்துகளைப் பெட்டியின் அறைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கண்ணாடியிற் காண்பதுபோல் இடம்வலம் மாறிய உருவில் வரிவரியாக அடுக்கும் தொழில் அது. கணினி வந்தது, ஈயம் எடைக்குப் போயிற்று. வீதியைத் திரும்பத் தந்த திரை, தொழிலைத் தரவில்லை.

வீதியை மட்டுமன்றி, ஓர் உலகத்தையே படைத்துத் தரும் திரையும் உண்டு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து லிண்டன் லாப் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் 'செகண்ட் லைஃப்' என்னும் மாய உலகத்தைத் திறந்து வைத்தது. இரண்டாம் வாழ்வு என்பது அப்பெயரின் பொருள். அங்கே புகுவோர் விரும்பிய உருவம் எடுக்கலாம், பறவைபோல் பறக்கலாம். பசியில்லை, மூப்பில்லை, பிணியில்லை. அத்தகைய பொன்னுலகில் மாந்தர் செய்தது யாது? கடை திறந்தார்கள்! ஆடை தைத்து விற்றார்கள். வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். லிண்டன் டொலர் என்ற நாணயமும் அங்கே புழங்குகிறது. அதனை அமெரிக்க டொலராக மாற்றவும் வழியுண்டு. ஆனால் எல்லோரும் அந்தக் காசுக்காகவே உழைக்கிறார்கள் என்று எண்ணுவதற்கில்லை. வயிறே இல்லாத உருவம் வேலை தேடுவானேன்?

இதற்கு விடை நமது அச்சுக்கூடத்திலேயே இருந்தது. 31ஆம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிட வருவோர் பலர். மகன் ஒருவன் புரூஃப் தாளைக் கையில் ஏந்தி, தந்தையின் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்து நிற்பான். ஒரு புள்ளி தவறினாலும் அவன் மனம் நோகும். அவன் நம்மை நம்பி நிற்கிறான் என்ற எண்ணமே அன்றைய களைப்பைப் போக்கியது. தொழிலை இழந்தவன் ஏங்குவது சம்பளத்துக்கு மட்டுமன்று. தன் கையை எதிர்பார்த்திருக்கும் ஒருவருக்காகவும்தான். மாய உலகத்தில் கடை திறப்பவரும் அந்த ஒருவரையே தேடுகிறார் போலும்.

ஆகவே மாணவர்களே, ஞாயிறு விடுமுறையில் உங்கள் தாத்தாவுக்கோ அம்மம்மாவுக்கோ பழைய வீதியைத் திரையிற் காட்டுவீர்களாயின், அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். "இந்தக் கட்டடத்திலே என்ன வேலை செய்தீர்கள்? எப்படிச் செய்தீர்கள்?" என்றும் கேளுங்கள். கூகிள் வண்டி வாசலோடு திரும்பிவிட்டது. உள்ளே அழைத்துச் செல்ல வல்லவர் அவர் ஒருவரே.