கயிறு இழுக்கும் அணுக்கள்

பொங்கல் விளையாட்டில் கயிறு இழுக்கும் போட்டி. கயிறு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் சொன்னால், இரண்டு பக்கமும் எத்தனை பேர் இழுத்தார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியாது அல்லவா.

ஃபெரைட் காந்தப் பொடி செய்யும் இயற்பியல் மாணவர்களின் பாடும் இதுதான். பொடியைத் திண்டுக்கல் கல்லூரி ஆய்வகத்து உலையிலேயே செய்துவிடலாம். உள்ளே என்ன நடக்கிறது என்பதில்தான் சிக்கல். மேக்னடைட்டில் 9 பங்கு காந்தம் ஒரு பக்கமும் 5 பங்கு எதிர்ப்பக்கமும் இழுக்கின்றன. மொத்தக் காந்தத்தை அளக்கும் கருவி காட்டுவது மிச்சமுள்ள 4. அது 8-க்கு 4 ஆக இருந்தாலும் அதே விடைதான்!

இதைப் பிரித்துக் காட்டுவது நியூட்ரான். (நியூட்ரினோ வேறு. பொட்டிபுரம் மலையில் திட்டமிட்டது அதற்கான ஆய்வகம்.) நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, ஆனால் அதுவே ஒரு குட்டிக் காந்தம். மேக்னடைட்டின் இந்த எதிரெதிர் அமைப்பை 1951-ல் அமெரிக்காவில் ஷல் குழுவினர் நியூட்ரான் கொண்டு உறுதிசெய்தார்கள்.

நியூட்ரான்களின் ஸ்பின்னை ஒரே திசையில் நிறுத்தி அனுப்பினால் இன்னும் விசேஷம். அணுக்கருச் சிதறல் 10, காந்தச் சிதறல் 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கற்றையில் 100-உம் 1-உம் சேர்ந்து 101. அந்த 1 கண்ணுக்கே தெரியாது. ஸ்பின் மேலே இருந்தால் 11-இன் வர்க்கம் 121, கீழே இருந்தால் 9-இன் வர்க்கம் 81. மறைந்திருந்த காந்தம் பளிச்சென்று வந்துவிடுகிறது.

விலை? ஸ்பின்னை வடிகட்டும்போதே பாதிக்கு மேல் நியூட்ரான் போய்விடும். கல்பாக்கத்தில் 1996-ல் இயங்கத் தொடங்கிய காமினி உலை வெறும் 30 கிலோவாட், இதற்குப் போதாது. டிராம்பேயின் துருவா (1985, 100 மெகாவாட்) தான் கதி. அங்கே வேலைசெய்யக் கிடைக்கும் நாட்களோ கொஞ்சம்.

அதனால்தான், இருக்கிற கற்றையிலேயே பொருத்தி எடுக்கக்கூடிய சிறிய கருவிகள் முக்கியம். சிறிதாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பூமியின் காந்தப்புலம், நம் ஊரில் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, விநாடிக்கு 2200 மீட்டர் போகும் நியூட்ரானின் ஸ்பின்னை 2 மீட்டருக்குள் ஒரு முழுச் சுற்று திருப்பிவிடும். பாதை குறைந்தால் இந்தத் தொல்லையும் குறையும். கிரெனோபிளில் பிரான்சிஸ் டாசே குழு செய்த கிரையோபேட் கருவியில் மீகடத்திக் கவசம். குளிர்விக்கும் ஹீலியம் வேண்டும். பின்னர் ஜெர்மனியில் வந்த மியூபேட், மியூ-மெட்டல் தகடும் கம்பிச் சுருளும் வைத்தே சமாளித்தது.

இந்த இரண்டாவது வழி நம் பட்டறைகளுக்கு எட்டாததல்ல. ஒரே நிபந்தனை: பெட்டியில் இரும்புத் திருகு ஒன்றுகூடக் கூடாது. அலுமினியம், பித்தளை போதும். பித்தளை வேலை, பூட்டு செய்யும் திண்டுக்கல்லுக்குப் புதிதா என்ன :)